நிழலுக்கும் நிறம் உண்டு

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜிஎஸ்டி சாலையை விட்டு ஸ்ரீபெரும்புதூர் சாலை பிரிகிறது. ஒரகடம் ஆலைகளுக்குப் போகும் லாரிகளும் கம்பெனி பஸ்களும் இருட்டிய பிறகும் ஓய்வதில்லை. பழைய லாரியின் ஹாலஜன் விளக்கு மஞ்சள். புதுக் காரின் எல்இடி வெள்ளை. இரண்டும் வெவ்வேறு பக்கமிருந்து ஒரே வெள்ளைச் சுவரில் விழுந்தால், நடுவே நிற்பவருக்கு இரண்டு நிழல். ஒன்றில் மஞ்சள் சாயல், மற்றதில் நீலச் சாயல்.

நிழல் என்றால் வெளிச்சமே இல்லாத இடம் என்று நினைக்கிறோம். ஒரு விளக்கு மறைந்த இடத்தில் இன்னொரு விளக்கின் ஒளி விழத்தான் செய்கிறது. அதன் நிறமே நிழலின் நிறம். சிவப்பு, பச்சை, நீல விளக்குகளைச் சரியான அளவில் சேர்த்தால் சுவர் வெள்ளையாகும். அங்கே விரலை நீட்டுங்கள்: சிவப்பு மறைந்த நிழல் மயில்நீலம், பச்சை மறைந்தது மெஜந்தா, நீலம் மறைந்தது மஞ்சள். மூன்றும் மறைந்த இடம் மட்டுமே கறுப்பு.

இதைவிட அழகான சங்கதி, ஒரு சிவப்பு விளக்கும் ஒரு வெள்ளை விளக்கும் மட்டும் இருக்கும்போது நடப்பது. சிவப்பு மறைந்த நிழலில் விழுவது வெறும் வெள்ளை ஒளி. கண்ணுக்கோ அது பச்சையாகத் தெரியும்! சுற்றியுள்ள சிவப்புக்குப் பழகிய பார்வை எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் சிவப்பைக் கழித்துவிடுகிறது. சிவப்பு விளக்கு எட்டாத இடம் பச்சைப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. வண்ண நிழல்களை ஆராய்ந்த ரம்ஃபோர்டு பிரபு, சுற்றுப்புறம் தெரியாதபடி ஒரு குழாய் வழியே நிழலை மட்டும் பார்த்தார். நிறம் காணாமல் போனது. அவருடைய கட்டுரையை 1794இல் லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்டது.

நிற அமைப்பைப் பூட்டி வைத்த கேமராவுக்கு இந்தக் கழித்தல் கிடையாது. மின்னணு ஆலைகளில் சர்க்யூட் போர்டின் சால்டரைச் சோதிக்கும் ஏஓஐ (தானியங்கி ஒளியியல் ஆய்வு) எந்திரங்கள் பலவும் இதை நம்பியே இயங்குகின்றன. மேலிருந்து சிவப்பு, நடுவிலிருந்து பச்சை, தாழ்வாக நீலம் என்று மூன்று வளையங்களில் ஒளி பாய்ச்சினால், சமதளம் சிவப்பாகவும் சரிவு பச்சையாகவும் கடுஞ்சரிவு நீலமாகவும் படத்தில் பதியும். சால்டர் சரியாக ஏறியிருக்கிறதா என்பதை நிறமே காட்டிக்கொடுத்துவிடும்.

வீட்டில் செய்து பார்க்க இரண்டு செல்போன் டார்ச்சும் சிவப்புக் கண்ணாடித்தாளும் போதும். ஒரு டார்ச்சைத் தாளால் மூடி, இருட்டறையில் இரண்டையும் வெவ்வேறு பக்கமிருந்து வெள்ளைச் சுவரில் அடித்து, நடுவே விரலை நீட்டுங்கள். சிவப்பு மறைந்த நிழலை முதலில் கறுப்புக் காகிதக் குழாய் வழியே பாருங்கள், பிறகு வெறுங்கண்ணால். வரிசையை மாற்றினால், ஒருமுறை கண்ட பச்சையைக் கண் சுலபத்தில் விடாது.