பஸ்ஸில் யாரை ஏற்றுவது? பிட்காயின் கண்டக்டர்களின் ரகசியம்!

அம்பத்தூர் எஸ்டேட்டில் எழும்பி நிற்கும் டேட்டா சென்டர்களைக் காட்டி, "உள்ளே பிட்காயின் எடுக்கிறாங்க சார்" என்று யாராவது கிசுகிசுத்தால் நம்பிவிடாதீர்கள். நம்ம ஊர் கரன்ட் பில்லுக்கு அது கட்டாது. ஆன்ட்மைனர் எஸ்19 ப்ரோ என்ற ஒரே ஒரு மைனிங் பெட்டி 3,250 வாட் இழுக்கும். இரண்டு மாதத்துக்கு 4,680 யூனிட்! வீட்டு இணைப்பில் ஆயிரம் யூனிட்டைத் தாண்டினால் யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல். தப்பித் தவறி லாபம் வந்தால் அதற்கு 30 சதவீத வரி வேறு.

ஆனால் பிட்காயின் வலை ஓடுவதை வேடிக்கை மட்டும் பார்க்க அந்தப் பெட்டி எதற்கு? உள்ளங்கை அகல ராஸ்பெர்ரி பை, ஒரு டெராபைட் டிஸ்க், இலவசமாகக் கிடைக்கும் பிட்காயின் கோர் மென்பொருள். பூந்தமல்லியில் ஏதோ ஒரு வீட்டு ரௌட்டர் பக்கத்தில் இதை வைத்துவிட்டால், உலகத்தின் மொத்தக் கூத்தும் திரையில்!

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். சராசரியாகப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ். அதுதான் பிளாக். பயணிகள், பணப் பரிமாற்றங்கள். கட்டணம் அதிகம் தருபவர் முதலில் ஏறலாம். கண்டக்டர், பல மைனர்களின் இயந்திரங்களைக் கூட்டுச் சேர்த்து வேலை வாங்கும் மைனிங் பூல். பிளாக்கின் முதல் வரியில் தன் பெயரை எழுதிவிட்டுப் போவார். அட, இது ஆன்ட்பூல்! அடுத்தது ஃபவுண்ட்ரி!

இப்போது சூடான சமாச்சாரம். எங்கோ டெக்சாஸில் அலறிக்கொண்டிருக்கும் மைனிங் இயந்திரத்துக்குத் தான் யாருடைய பணத்துக்கு முத்திரை குத்துகிறோம் என்றே தெரியாது! இயந்திரத்துக்கு வேலை கொடுக்கும் பழைய ஸ்ட்ராட்டம் முறையில் பூல் முழுப் பயணிகள் பட்டியலை அனுப்பாது; அதன் ஹேஷ் துண்டுகள் சிலதான் போகும். யாரை ஏற்றுவது என்பது பூலின் முடிவு.

2021 மே மாதம் அமெரிக்காவின் மாரதான் என்ற மைனிங் நிறுவனம், அந்நாட்டு அரசின் தடைப்பட்டியலில் உள்ள முகவரிகளை ஒதுக்கிய 'சுத்தமான' பிளாக் என்று பெருமையாக ஒன்றை வெளியிட்டது. ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. கேலியும் கண்டனமும் கிளம்ப, வடிகட்டலைக் கைவிட்டது. 2023 நவம்பரில் எஃப்2பூல் என்ற பூல் மாட்டிக்கொண்ட விதம் இன்னும் ஜோர். புனைபெயரில் உலவும் ஒரு நிரலாளர், தன் நோட் (பிட்காயின் மென்பொருள் ஓடும் கணினி) போட்ட பட்டியலையும் வந்த பிளாக்கையும் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஏற வேண்டிய சிலர் ஏறவில்லை! கேள்வி எழுந்ததும் பூலின் நிறுவனர் வடிகட்டியை நிறுத்துவதாக அறிவித்தார். அதே உளவு வேலையைப் பூந்தமல்லிப் பெட்டியும் செய்யும்: 'கெட்பிளாக்டெம்ப்ளேட்' என்று ஒரு கட்டளை, அவ்வளவுதான்.

நல்லவேளை, ஒரு பூல் ஏற்றாவிட்டால் அடுத்த பூல் ஏற்றிக்கொள்ளும். கொஞ்சம் தாமதம், அத்தோடு சரி. கண்டக்டர்கள் நிறையப் பேர் இருக்கும்வரைக்கும்தான் இந்தச் சௌகரியம். 2014 ஜூனில் ஜிஹாஷ் என்ற பூல் உலகின் மொத்த மைனிங் வேகத்தில் பாதியைத் தாண்டியபோது, பதறிப்போய் மைனர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். இன்றைக்கும் மிகப் பெரிய இரண்டு பூல்களைக் கூட்டினால் பல நாட்களில் பாதியை நெருங்குகிறது. பயணிகள் பட்டியலை மைனரே எழுதலாம் என்கிற ஸ்ட்ராட்டம் வி2 தயாராகத்தான் இருக்கிறது. பெரிய பூல்கள்தான் அசைந்து கொடுக்கவில்லை. தங்கள் கையிலிருக்கும் விசிலை அவர்கள் ஏன் சும்மா தருவார்கள்?