மனோன்மணீயமும் கலைக்களஞ்சியமும்

மாத்தளையிலிருந்து வடக்கே பலாபத்வலவுக்குச் செல்வோர் வழியில் அலுவிகாரையைக் காண்பர். வாய்மொழியாக வழங்கிவந்த பௌத்தத் திருமறைகள் கி.மு. முதலாம் நூற்றாண்டில் அங்கேதான் ஏட்டில் எழுதப்பெற்றன என்பது மரபு. நினைவு பிழைபடலாம் என்று அஞ்சியே அன்றைய துறவியர் ஏட்டை நாடினர். ஆயின், ஏடே பிழைபட்டால் யாது செய்வது?

இவ்வினாவைப் பலாபத்வல மாணவர் ஒருவர் எனக்கு நினைவூட்டினார். கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றின் படியை அவர் கொணர்ந்திருந்தார். பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணீயம் பற்றியது அக்கட்டுரை. “ஐயா, இதில் சில பிழைகள் இருப்பதாகத் தோன்றுகிறது. கலைக்களஞ்சியத்தில் நாம் குற்றங் காண்பது தகுமா?” என்றார்.

தகும். நூலாசிரியர் மேற்கொள்ளும் மதம் ஏழனுள் பிறர் நூற்குற்றம் காட்டலையும் ஒன்றாக நன்னூலார் வைத்துள்ளார். ஆனால் அவர் முதற்கண் வைத்தது உடன்படல். கட்டுரையில் சரியானவற்றை முதலிற் சுட்டுதலே முறை. ஆண்டும் ஆசிரியர் வரலாறும் பாத்திரப் பெயர்களும் அதில் பிழையின்றி இருந்தன.

பிழைகளுள் தலையாயது, ‘தமிழின் முதல் நாடகம்’ என்னும் கூற்று. குறவஞ்சியும் நொண்டி நாடகமும் அருணாசலக் கவிராயரின் இராம நாடகமும் அதற்கு முற்பட்டவை அல்லவா? மேனாட்டு நாடக அமைப்பைத் தழுவி, ஐந்து அங்கங்களில், படித்தற்கென்றே செய்யுளில் இயற்றப்பெற்ற நாடகம் என்பதே பொருந்தும்.

அடுத்தது குன்றக் கூறல். இக்கதைக்கு மூலம் லிற்றன் பிரபு 1866இல் வெளியிட்ட தொகுதியிலுள்ள ‘இரகசிய வழி’ என்னும் கதைப்பாட்டு. அதனைக் கட்டுரை கூறவேயில்லை. மறைத்தலால் ஆசிரியர் பெருமை வளராது. அயல்நாட்டுக் கதையைப் பாண்டிய நாட்டில் நிறுத்தி, சீவகனின் பேதைமையையும் குடிலனின் சூழ்ச்சியையும் சுந்தர முனிவரின் சுருங்கை வழியையும் தமிழ்க் கதையாகவே ஆக்கிய திறத்தை, மூலத்தை அறிந்தவரே நன்கு மதிப்பர்.

மூன்றாவது மற்றொன்று விரித்தல். கட்டுரையிற் பாதி, தமிழ்த்தாய் வாழ்த்தைப் பற்றியதாகவே இருந்தது. அப்பாடலின் ஒரு பகுதியை நீக்கித் தமிழ்நாடு அரசு 1970இல் ஏற்றுக்கொண்டதை இரண்டு வாக்கியங்களிற் கூறினால் போதும். வாழ்த்து வாயில், நாடகம் வீடு. வாயிலிலேயே நின்றுவிட்டால் வீட்டைக் காண்பது எப்போது?

பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியத்தில் பிழை கண்டவர், மறுபதிப்பை எதிர்நோக்க வேண்டியிருந்தது. 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவிலோ பலாபத்வலவில் இருப்பவரும் உடனே திருத்தலாம். எளிமை மிகுந்தால் பொறுப்பும் மிகும். ‘கட்டுரை நன்றாயில்லை’ என்பது கருத்துரையாகாது. இந்த வரி, இந்தப் பிழை, இதற்குச் சான்று, இப்படி எழுதலாம் என்று நான்கையும் காட்டுவதே பயன்தரும்.

இத்தனையும் பேசிய பின்னர், “தம்பி, நாடகத்தைப் படித்தீரா?” என்று வினவினேன். அவர் தலைகுனிந்தார். “இல்லை ஐயா. வேறு கட்டுரைகளோடு ஒப்பிட்டே பிழை கண்டேன்.”

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. நம்மிற் பலர் செய்வது அதுவே. ஒரு கட்டுரையைக் கொண்டு மற்றொரு கட்டுரையைத் திருத்துகிறோம். மூலநூல் பெட்டியில் உறங்குகிறது. கலைக்களஞ்சியம் நூலுக்கு வழிகாட்டியேயன்றி நூலுக்கு ஈடாகாது. அந்த ஈட்டை நாம் ஒப்புக்கொண்டுவிட்டால், அடுத்த தலைமுறைக்கு மனோன்மணீயம் ஒரு பெயராக மட்டுமே எஞ்சும்.

என் படியை அவரிடம் கொடுத்தேன். திருத்தக் குறிப்பை நூலைப் படித்து முடித்த பின்னரே எழுதுவதாகச் சொல்லிச் சென்றார். அக்குறிப்பு எத்துணைச் சிறிதாயினும், கட்டுரைக்கு அதுவே நல்ல திருத்தமாகும்.