ஒரு கோப்பைத் தேநீரில் கொழுந்து பறித்தவருக்கு எவ்வளவு?

இலங்கை மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவரின் அடிப்படை நாட்கூலி 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயானது. ஒரு நாளுக்கு 18 கிலோ கொழுந்து என்று வைத்தால் கிலோவுக்கு 75 ரூபாய். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. கோப்பைக்கு 2 கிராம் போட்டால் அதில் 500 கோப்பை வரும். ஆக, அந்தக் கூலியில் ஒரு கோப்பைக்குப் பறித்தவர் கைக்குப் போனது சுமார் 67 சதம்.

இதைக் கூலியோடு நிறுத்தாமல் குடியிருப்பு, உடல்நலம், பிள்ளைகளின் படிப்பு, சங்கம் சேரும் உரிமை என்று விரித்து, செடியிலிருந்து கோப்பை வரை போடும் கணக்குக்குச் 'சமூக வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு' என்று பெயர். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2009இல் இதற்கு வழிகாட்டி வெளியிட்டது. 2020இல் அதைத் திருத்தியபோது தொழிலாளர், உள்ளூர் மக்கள், நுகர்வோர் முதலிய பிரிவுகளோடு குழந்தைகளையும் தனியாகச் சேர்த்தார்கள். 2024இல் ஐ.எஸ்.ஓ. தரநிலையும் வந்துவிட்டது. முறை எளிதுதான். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை மணிநேர உழைப்பு போகிறது என்று பார்க்கிறார்கள். அந்த நாட்டில் அந்தத் தொழிலுக்கு உள்ள ஆபத்துகளைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்துப் பொருத்துகிறார்கள். ஆபத்து கூடுதலாகத் தெரியும் இடத்துக்கு நேரில் போகிறார்கள்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 'நாட்கூலி' என்ற கட்டத்தில் அறிவிக்கப்பட்ட தொகையை எழுதினால் யாரும் பிழை சொல்ல முடியாது. ஆனால் நாள் முழுக்க மலையில் நின்றாலும் சொன்ன கிலோ வராவிட்டால் பல தோட்டங்களில் அரைப்பேர்தான் விழும், அதாவது பாதிக் கூலி. கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கழிப்பது வேறு. மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுத்தார்கள், அதில் எத்தனை அரைப்பேர் என்று தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலைப் புரட்டிக் கேட்காத மதிப்பீடு, என்னைக் கேட்டால், தோட்ட அலுவலகத்தின் அறிக்கைக்குப் புது அட்டை போட்டதுதான்.

மண்ணுக்கும் உடல்நலத்துக்கும் நல்லது என்று எடுத்த முடிவும் பறிப்பவரின் கணக்கில் வேறாக விழலாம். களைக்கொல்லியான கிளைபோசேட்டை இலங்கை 2015இல் தடை செய்தது. தேயிலைக்கும் ரப்பருக்கும் 2018இல் தளர்த்தியது. 2021இல் இரசாயன உரத்துக்கே தடை வந்தது. சில மாதங்களில் அதை விலக்கினாலும், 2022இல் தேயிலை உற்பத்தி சுமார் 250 மில்லியன் கிலோவுக்கு இறங்கியது. செடியில் கொழுந்து குறைந்தால் 18 கிலோ எங்கிருந்து வரும்? களை மூடிய மலையில் அட்டையும் பாம்பும் குளவிக்கூடும் எளிதில் கண்ணுக்குப் படாது. குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்த செய்தி மலையகத்தில் அடிக்கடி வரும் செய்தி. சுற்றுச்சூழல் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு இரசாயனம் குறைந்தது தெரியும், அரைப்பேர் கூடியது தெரியாது.

தோட்டத்துக்கு வெளியேயும் கணக்கு நழுவும். இலங்கைத் தேயிலையில் பெரும்பங்கு சிறுதோட்டக்காரருடையது. வீட்டார் தாங்களே பறிக்கும் அங்கே எந்தக் கூலியை எழுதுவது? கொழும்பு ஏலத்தைத் தாண்டிப் பல இடத்துத் தேயிலை கலந்தபின், கடைப் பெட்டிக்குள் இருப்பது எந்த மலையின் கொழுந்து என்பதும் பல நேரம் தெரியாது.

இப்படிப்பட்ட மதிப்பீட்டுக்கு மாற்றாக நாம் நம்புவது பெட்டியின் மேலிருக்கும் சான்றிதழ் முத்திரையை. இந்தியத் தேயிலைத் தோட்டங்களை ஆராய்ந்த, அப்போது ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜெனிவீவ் லெபரோன், சான்றிதழால் தொழிலாளர் நிலைமையில் பெரிதாக மாற்றமில்லை என்று 2018இல் எழுதினார். தணிக்கை நாளில் மட்டும் வேலைமுறையை மாற்றச் சொன்னார்கள் என்று தொழிலாளரே அவரிடம் கூறியிருக்கிறார்கள்.

தணிக்கையில் உண்மை வெளிவராததில் வியப்பில்லை. மலையகத்தில் தாங்கள் குடியிருக்கும் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அறைக்குப் பல குடும்பங்களிடம் உறுதிப்பத்திரம் கிடையாது; குறை சொன்னால் வீடு போய்விடுமோ என்ற பயம். தோட்ட நிர்வாகியான துரையும் மேற்பார்வை செய்யும் கணக்கப்பிள்ளையும் பக்கத்தில் நிற்கும்போது 'குறை ஏதும் உண்டா?' என்று கேட்டால் 'ஒன்றுமில்லைங்க' என்றுதான் பதில் வரும். கேட்பவர் ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போய், கேள்வித்தாளை எடுக்குமுன் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்க்கலாம். சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம் எல்லாம் கழிந்து மிஞ்சும் தொகை அதில் அச்சிட்டே இருக்கும்.