அடைத்த கதவைத் தாமே திறந்தவர் – வியட்நாம் தலைவர் ட்ரூங் சின்

வியட்நாம் என்றதும் நமக்கு ஹோ சி மின் பெயர்தான் வாயில் வரும். கல்கத்தாவாசிகளான நமக்குக் கேட்கவே வேண்டாம், ஹாரிங்டன் தெருவே அவர் பெயருக்கு மாறிவிட்டது. அவர் நிழலில் நின்ற ட்ரூங் சின் என்பவரைப் பற்றித் தமிழில் நான் அதிகம் படித்ததில்லை. ஆனால் ஒரு வியாபாரிக்கு ஹோ சி மின்னை விட இவர் வாழ்க்கையில்தான் யோசிக்க விஷயம் அதிகம்.

இயற்பெயர் தாங் சுவான் கூ. வடக்கே நாம் தின் மாகாணத்தில், படித்தவர்கள் நிறைந்த ஹான் தியென் கிராமத்தில் 1907-ல் பிறந்தார். வேடிக்கை பாருங்கள், ஹனோயில் இவர் படித்தது வணிகக் கல்லூரியில்! 1930-ல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து, அதே வருஷம் பிரெஞ்சுக்காரர்களிடம் பிடிபட்டார். பன்னிரண்டு வருஷத் தண்டனை. 1936-ல் விடுதலையானார். பிறகு ஜியாப்போடு சேர்ந்து குடியானவர் பிரச்சினை பற்றி ஒரு நூல் எழுதினார். 1941-ல் கட்சியின் பொதுச்செயலாளர். மாவோவின் நெடும்பயணத்தின் மேல் உள்ள பக்தியால் வைத்துக்கொண்ட பெயர்தான் ட்ரூங் சின். அந்தச் சொல்லுக்கே நெடும்பயணம் என்றுதான் பொருள்.

1953-ல் நிலச் சீர்திருத்தம் தொடங்கியது. உழுபவனுக்கு நிலம் என்பதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் இத்தனை பங்கு மிராசுதார் இருந்தே தீரவேண்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டு தேடினார்கள். இல்லாத ஊரில் கொஞ்சம் வசதியானவனே மிராசுதாராகிவிட்டான். ஊர்ப் பொதுவில் நிறுத்தி விசாரணை, அங்கேயே தீர்ப்பு. ஆயிரக்கணக்கானோர் உயிர் போயிற்று.

முதலில் பலியானவர்களில் நுயென் தி நாம் என்ற அம்மாள் ஒருவர். ஹைபோங்கில் வியாபாரம் செய்து சம்பாதித்துத் தாய் நுயென் பக்கம் தோட்டம் வாங்கியவர். 1945-ல் புரட்சி அரசுக்குப் பொன் கொடுத்தவர். பிள்ளைகள் விடுதலைப் படையில். ட்ரூங் சின் உட்படத் தலைவர்கள் பலர் அந்த வீட்டில் தங்கி, அந்த அம்மாள் கையால் சாப்பிட்டிருக்கிறார்கள். 1953-ல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட சமணன் நான். இந்த இடத்தை எந்த நியாயம் சொல்லியும் என்னால் தாண்ட முடியவில்லை.

1956-ல் கட்சியே தவறு நடந்தது என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. ட்ரூங் சின் பொதுச்செயலாளர் பதவியை விட்டார். மேல்மட்டக் குழுவில் இடம் மட்டும் போகவில்லை. 1960-லிருந்து இருபது வருஷத்துக்கு மேல் தேசிய சட்டசபைக்குத் தலைமை தாங்கினார்.

அடுத்து கூட்டுப் பண்ணை. வயல் எல்லாம் பொது, வேலைக்குப் புள்ளி, புள்ளிக்கு நெல். மணி அடித்தால் வயலுக்குப் போவான், நெல் முளைத்தால் என்ன, முளைக்காவிட்டால் என்ன? குடும்பத்துக்கென்று விட்டுவைத்த ஐந்து சதவீதத் துண்டு நிலம் மட்டும் பச்சைப்பசேல் என்று இருக்கும். இதைக் கண்ணால் பார்த்தவர் வின் ஃபுக் மாகாணக் கட்சிச் செயலாளர் கிம் நோக். 1966-ல் பொது வயலைக் குடும்பங்களுக்குக் குத்தகை போலப் பிரித்துவிட்டார். பேசிய அளவைப் பண்ணைக்கு அளந்துவிட்டு மிச்சத்தை நீ வைத்துக்கொள் என்றார். விளைச்சல் ஏறிற்று. 1968-ல் அதைக் கடுமையாகக் கண்டித்து நிறுத்தியவர் யார் என்கிறீர்கள்? நம் ட்ரூங் சின்தான்.

ஆனால் எழுபத்தைந்து வயதுக்குமேல் இந்த மனிதர் மாறினார். இளம் பொருளாதார நிபுணர்களைக் கூட்டிவைத்துக் கேள்வி கேட்டார். 1983-ல் தெற்கே போய், விதியை மீறிப் பிழைத்துக்கொண்டிருந்த ஆலை நிர்வாகிகளிடம் நேரில் கேட்டார். அரசு ஒரு விலை, சந்தை ஒரு விலை. அரசு விலைக்கு விற்றால் அடக்கவிலையே வராது. கொள்முதல் விலைக்குக் கீழே விற்கும் கடை எத்தனை நாள் ஓடும்? 1985-ல் பத்துப் பழைய டாங்குக்கு ஒரு புது டாங் என்று நோட்டை மாற்றிப் பார்த்தார்கள். மறுவருஷம் விலைவாசி எழுநூறு சதவீதத்துக்குமேல் ஏறிற்று.

1986 ஜூலையில் லே துவான் இறக்க, ட்ரூங் சின் மறுபடி பொதுச்செயலாளர் ஆனார். வயது 79. மாநாட்டு அறிக்கை ஏற்கனவே தயாராகிக்கொண்டிருந்தது. அதை அப்படியே வாசித்துவிட்டுப் போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் திரும்ப எழுதவைத்தார். அவசரப்பட்டோம், இஷ்டத்துக்குக் கணக்குப் போட்டோம் என்று கட்சியின் பிழைகளைச் சொல்லி, தனியார் தொழிலுக்கும் சந்தைக்கும் இடம்விட்ட அந்த அறிக்கையை டிசம்பர் மாநாட்டில் தாமே வாசித்தார். அதுதான் ‘தோய் மோய்’, அதாவது புதுப்பித்தல். அதே மாநாட்டில் பதவியை நுயென் வான் லின்னிடம் விட்டு ஒதுங்கினார்.

1988 ஏப்ரலில் நிலம் குடும்பங்களின் பொறுப்புக்கு வந்தது. அந்த வருஷம் செப்டம்பர் 30-ல் ட்ரூங் சின் காலமானார். அதுவரை அரிசிக்கு வெளிநாட்டை நம்பியிருந்த தேசம், 1989-ல் பத்து லட்சம் டன்னுக்குமேல் ஏற்றுமதி செய்தது. கிம் நோக் இதைப் பார்க்கவில்லை, 1979-லேயே போய்விட்டார். அவருக்கு ஹோ சி மின் விருதை அரசு கொடுத்தது 2009-ல்.