கொல்லைத் தோட்டமும் சாறு வடியும் தென்னையும்

காவிரி டெல்டாவில், கொல்லையில் நாலு தென்னையும் ஒரு வாழைக் குத்தும் இல்லாத கிராமத்து வீடு அரிது. ஆனால், பெரும்பாலான கொல்லைகள் தாமாக வளர்ந்தவையே தவிர, திட்டமிட்டு அமைத்தவை அல்ல. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு வேண்டிய காய்கறி, கீரை விளைவிக்க 5 சென்ட் இடம் போதும். இதை அமைக்க வெளியாள் யோசனை தேவையில்லை. வெயில் எங்கே விழுகிறது, மழைநீர் எங்கே நிற்கிறது என்பதை வீட்டுக்காரரைவிட நன்கு அறிந்தவர் எவரும் இல்லை.

அமைக்கும் முறை

ஐப்பசி முதல் தை வரை சூரியன் தென்புறம் சாய்ந்து செல்லும். ஆகவே முருங்கை போன்ற உயர்ந்த மரங்களையும், புடலை, பீர்க்கன் பந்தலையும் வடக்குப் பக்கம் அமைக்க வேண்டும். அப்போது கத்தரி, வெண்டை, மிளகாய்ப் பாத்திகளில் நிழல் விழாது. புதிதாகத் தென்னை வைப்போர் கன்றுக்குக் கன்று 25 அடி இடைவெளி விட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தேங்கினால் காய்கறிச் செடிகளின் வேர் அழுகிவிடும். எனவே பாத்திகளை அரை அடி உயர்த்தி மேட்டுப்பாத்தியாக அமைத்து, நடுவில் வடிகால் விடுவது நல்லது. முருங்கைக்கும் மேடான இடமே ஏற்றது. கிணற்றடியில் வழியும் நீரை வாழைக்குத் திருப்பிவிடலாம்.

எப்போது கேட்க வேண்டும்?

இதுவரை சொன்னவற்றில் தவறு நேர்ந்தால் ஒரு பருவக் காய்தான் குறையும். ஆனால், தென்னையின் தண்டில் செம்பழுப்பு நிறச் சாறு வடிந்தால் சொந்த யோசனையோடு நின்றுவிடக் கூடாது. இந்த ஓர் அறிகுறிக்கு மூன்று காரணங்கள் உண்டு.

துளையும், அதில் மென்று தள்ளிய நாரும் தெரிந்து, தண்டில் காதை வைத்தால் கறகறவென்ற ஓசை கேட்டால், அது சிவப்புக் கூன்வண்டின் புழு. தண்டின் வெடிப்புகளிலிருந்து மட்டும் சாறு கசிந்தால், அது சாறு வடிதல் நோயாக இருக்கலாம். அடி மட்டைகள் மஞ்சளாகித் தொங்கி, தண்டின் அடியில் தொடங்கிச் சாறு மேல்நோக்கிப் பரவினால், தஞ்சாவூர் வாடல் நோய் என்று ஐயப்பட வேண்டும். வண்டுக்கான மருந்து வாடல் நோயைத் தீர்க்காது. மருந்து மாறிப் பணமும் நாளும் வீணாவதற்குள், நோய் மண் வழியே அடுத்த மரத்துக்குப் போய்விடும்.

1952ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் தஞ்சை மாவட்டத்தில் பரவலாகக் காணப்பட்டதால் இந்நோய்க்கு அப்பெயர் வந்தது. கேனோடெர்மா என்னும் பூசணமே காரணம். மணற்பாங்கான நிலத்தில், கோடையில் நீரின்றி வாடும் மரங்களை இது எளிதில் தாக்கும். செத்த மரத்தின் அடிக்கட்டையிலும் வேரிலும் பூசணம் தங்கியிருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களின் கட்டைகள் இன்னும் கிடந்தால், தோண்டி எடுத்து எரித்துவிட வேண்டும்.

வரும் முன் காக்க

மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ மட்கிய தொழுவுரமும், 5 கிலோ வேப்பம் புண்ணாக்கும், 200 கிராம் டிரைக்கோடெர்மா விரிடியும் இட வேண்டும். ஒரு மரத்தடியில் பாய்ந்த நீர் மற்றொரு மரத்துக்குப் போகாதபடி, தனித்தனி வட்டப்பாத்தியில் பாய்ச்ச வேண்டும். தண்ணீர் வசதி உள்ள இடத்தில் தென்னைக்கு இடையே வாழை பயிரிட்டால் இந்நோய் குறைகிறது. அழகுக்கும் பழத்துக்கும் வைக்கும் வாழை காவலாகவும் நிற்கிறது.

யாரை அணுகுவது?

பட்டுக்கோட்டை வட்டம் வேப்பங்குளத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. திருவாரூர் மாவட்டத்தார் நீடாமங்கலம், நாகை மாவட்டத்தார் சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களை அணுகலாம். கிசான் அழைப்பு மையத்தைக் கட்டணமின்றி 1800 180 1551 என்ற எண்ணில் கேட்கலாம். போகும்போது சாறு எத்தனை அடி உயரம் வரை ஏறியுள்ளது, எத்தனை மரங்களில் காண்கிறது, எப்போது தொடங்கியது என்பதைக் குறித்துச் செல்ல வேண்டும்.

பாத்தியின் அமைப்பை உங்கள் விருப்பப்படி ஆண்டுதோறும் மாற்றிப் பார்க்கலாம். காய்த்துக்கொண்டிருக்கும் தென்னை ஒன்று போனால், அந்த இடத்தில் மறுபடி காய் பறிக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே, முதல் மரத்தில் சாறு கண்ட வாரத்திலேயே புறப்பட்டுச் சென்று கேளுங்கள்.