ஜெர்மன் பீரில் பிரேசில் பழம்: வீட்டில் பீர் காய்ச்சியவர்களின் ‘கத்தரினா சவர்’ உலகப் பட்டியலில் இடம்பிடித்தது எப்படி?

ஜபுடிகாபா என்றொரு பழம் இருக்கிறது. கிளை நுனியில் தொங்காது; மரத்தின் தண்டிலேயே ஒட்டிக்கொண்டு காய்க்கும். பார்க்க நம்ம ஊர் நாவல் பழம் மாதிரி கருஊதா நிறம். பறித்த மூன்று, நான்கு நாட்களிலேயே தானாகப் புளிக்கத் தொடங்கிவிடும். அதனால் தூரத்துச் சந்தைகளுக்கு அனுப்புவது சிரமம்.

பழ வியாபாரிக்கு இது தலைவலி. ஆனால் பிரேசிலில் வீட்டிலேயே பீர் காய்ச்சும் ஆர்வலர்களுக்கு இதுவே ஒரு வாய்ப்பு. இந்த மாதிரி உள்ளூர் பழங்களை வைத்து அவர்கள் உருவாக்கிய பீருக்கு இன்று ஒரு பெயர் உண்டு: ‘கத்தரினா சவர்’.

பீர் போட்டிகளில் என்ன சிக்கல்?

பீர் போட்டியில் ‘நல்லா இருக்கு’ என்றால் மட்டும் பரிசு கிடைக்காது. எந்த வகை பீர் என்று சொல்லித்தான் போட்டிக்கு அனுப்ப வேண்டும். அந்த வகையின் இலக்கணத்துக்குள் அது அடங்குகிறதா என்றுதான் நடுவர்கள் பார்ப்பார்கள்.

அந்த இலக்கணத்தை வகுக்கும் அமைப்புகளில் முக்கியமானது, அமெரிக்காவில் 1985-ல் தொடங்கிய பிஜேசிபி. இது பீர் நடுவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தரும் அமைப்பு. இதன் மதிப்பெண் தாளில் மொத்தம் 50 மதிப்பெண். சுவைக்கு 20, மணத்துக்கு 12, ஒட்டுமொத்த அனுபவத்துக்கு 10, வாயில் உணரும் தன்மைக்கு 5, தோற்றத்துக்கு வெறும் 3.

ஆனால் அந்தப் பட்டியலில் இருந்தவை பெரும்பாலும் ஜெர்மனி, பெல்ஜியம், பிரிட்டன், அமெரிக்க வகைகள்தான். பிரேசில்காரர் எவ்வளவு நன்றாகக் காய்ச்சினாலும், வேறொரு நாட்டின் பீரைச் சரியாக நகல் எடுத்தாரா என்றே மதிப்பிடப்பட்டார். சொந்த ஊர் பழத்தைச் சேர்த்தாலோ, ‘பழ பீர்’ என்ற பொதுப் பிரிவில் பத்தோடு பதினொன்றாகிவிடும்.

ஏன் சாண்டா கத்தரினா?

தெற்கு பிரேசிலில் உள்ள இந்த மாநிலத்தில் ஜெர்மன் குடியேறிகளின் வாரிசுகள் அதிகம். 1850-ல் ஜெர்மானியர்கள் நிறுவிய ப்ளூமெனாவ் நகரத்தில், 1984 முதல் அக்டோபர்ஃபெஸ்ட் பீர் திருவிழா நடக்கிறது. பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதையும் சேர்க்கக் கூடாது என்ற 1516-ஆம் ஆண்டு பவேரியச் சட்டத்தைப் பெருமையாகப் பேசும் பாரம்பரியம் அது.

அப்படிப்பட்ட இடத்தில்தான் 2015-ல் வீட்டில் காய்ச்சுபவர்களும் தொழில்முறை தயாரிப்பாளர்களும் ஒரு பயிலரங்கில் கூடி, ‘நம்ம வெயிலுக்கு, நம்ம பழத்தை வைத்து, நமக்குன்னு ஒரு பீர்’ என்று வரையறை எழுதினார்கள். 2018-ல் பிஜேசிபி அதைத் தற்காலிக வகையாகச் சேர்த்தது. அந்தப் பட்டியலில் இடம்பெற்ற முதல் பிரேசில் வகை இதுதான்.

எப்படிக் காய்ச்சுகிறார்கள்?

முளைகட்டி உலர்த்திய பார்லியும் கோதுமையும் ஏறக்குறைய சரிபாதி. இவற்றைச் சுடுநீரில் ஊறவைத்து இனிப்புச் சாறு எடுப்பார்கள். சாறு வெதுவெதுப்பாக இருக்கும்போது லாக்டோபேசிலஸ் பாக்டீரியாவைச் சேர்ப்பார்கள். நம் வீட்டில் பாலைத் தயிராக்கும் அதே குடும்பம்தான்.

ஒன்றிரண்டு நாளில் சாறு புளிக்கும். தேவையான புளிப்பு வந்ததும் மீண்டும் கொதிக்கவைத்தால் பாக்டீரியா செத்துவிடும், புளிப்பு அங்கேயே நின்றுவிடும். ஹாப்ஸ் பெயருக்குத்தான் போடுவார்கள். அது இந்த பாக்டீரியாவுக்கு எதிரி என்பதால், புளித்து முடித்த பிறகே சேர்ப்பார்கள். அதன் பிறகு ஈஸ்ட்.

பழத்தைச் சேர்ப்பது நொதித்தலின் பாதிக்குப் பிறகே. ஆரம்பத்திலேயே போட்டால், பொங்கி வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு பழ வாசனையையும் அடித்துக்கொண்டு போய்விடும். பழத்தில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று தீர்க்க வேண்டும். அவசரப்பட்டு அதற்கு முன்பே பாட்டிலில் அடைத்தால், உள்ளே அழுத்தம் ஏறி பாட்டில் வெடிக்கும் ஆபத்தும் உண்டு.

முடிவில் கிடைப்பது 4 முதல் 5.5 சதவீதம் ஆல்கஹால் உள்ள, கசப்பே தெரியாத பீர். பழம் மணக்கும், ஆனால் தித்திக்காது.

பழம் எவ்வளவு வித்தியாசமோ, அவ்வளவு மார்க்கா?

இல்லை. எந்தப் பழம் என்று போட்டியாளர் எழுதிக்கொடுக்க வேண்டும். அந்தப் பழம் மூக்கிலும் நாக்கிலும் பளிச்சென்று தெரிய வேண்டும். புளிப்பு தயிர்போல் சுத்தமாக இருக்கணும். காடி வாடை வந்தால் குறைதான்.

இங்கேதான் உள்ளூர் பழத்தின் பலமே பலவீனமாகவும் ஆகிறது. பேஷன் ஃப்ரூட், மாம்பழம் என்றால் எந்த நாட்டு நடுவருக்கும் அடையாளம் தெரியும். ஜபுடிகாபாவை வாழ்நாளில் சாப்பிட்டிராத நடுவர், இது அந்தப் பழத்தின் வாசனையா, காய்ச்சியதில் வந்த கோளாறா என்று எப்படிப் பிரித்தறிவார்? பழத்தின் பெயரோடு அதன் சுவையையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டால், அவருக்கும் உதவும், போட்டியாளருக்கும் நல்லது.

‘அப்போ நெல்லிக்காய் போட்டு நாமும் செய்யலாமா?’

வீட்டில் காய்ச்சுவது எல்லா ஊரிலும் சட்டப்படி சரியில்லை. அமெரிக்காவிலேயே 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகுதான் மத்திய அரசின் அனுமதி கிடைத்தது. தமிழ்நாட்டில், 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். ‘சும்மா ஒரு பரிசோதனைக்குத்தான்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

2021-ல் வந்த பிஜேசிபி பதிப்பிலும் கத்தரினா சவர் முதன்மைப் பட்டியலில் இல்லை. பின்னிணைப்பில், ‘உள்ளூர் வகைகள்’ என்ற தலைப்பின் கீழ்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு மாற்றம் நடந்துவிட்டது. இனி வேறு நாட்டுக்காரர் இந்த பீரைக் காய்ச்சிப் போட்டிக்கு அனுப்பினால், சாண்டா கத்தரினாக்காரர்கள் எழுதிய இலக்கணத்தை வைத்துத்தான் அவருக்கு மார்க் போடுவார்கள்.

(மது அருந்துவது உடல்நலத்துக்குத் தீங்கானது.)