ஒரு பெட்டிக்குள் 36 கதிரைகள்

இடத்தை மிச்சப்படுத்தும் தளபாடம் என்றதும் மடக்குக் கட்டிலோ, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் பிளாஸ்ரிக் கதிரையோதான் நம்மில் பலருக்கு ஞாபகம் வரும். வீட்டில் மிச்சமாகும் இடத்தையே நாம் யோசிக்கிறோம். தொனெட் குடும்பத்தின் 14ஆம் இலக்கக் கதிரையைப் பற்றித் தேடி வாசித்தபோதுதான், ஒரு பொருள் கொண்டுபோகும் வழியில் பிடிக்கும் இடமும் அதன் விலையைத் தீர்மானிக்கிறது என்பது எனக்கு விளங்கியது.

மிக்கேல் தொனெட் 1796இல் ஜேர்மனியின் பொப்பார்ட் நகரில் பிறந்த தச்சர். பின்னர் வியன்னாவுக்குப் போய், 1853இல் தொழிலைத் தன் ஐந்து மகன்மாரின் பெயருக்கு மாற்றினார். மரத்தை வளைத்தால் வெளிப்பக்கம் இழுபட்டு வெடிக்கும். அதைத் தடுக்க, நீராவியில் பதமாக்கிய பீச் மரக்கம்பின் வெளிப்பக்கத்தில் உலோகப் பட்டி ஒன்றைப் பிணைத்து வளைத்தார்கள்.

1859இல் வந்த 14ஆம் இலக்கக் கதிரைக்கு ஆறு மரத்துண்டுகளும் பத்துத் திருகாணிகளும் இரண்டு நட்டுகளும் போதும். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீற்றர் பெட்டியில் 36 கதிரைகள் அடங்கும். போய்ச் சேரும் இடத்தில் பூட்டிக்கொள்ளலாம். 1930 அளவில் சுமார் 5 கோடிக் கதிரைகள் விற்பனையாகியிருந்தன.

இந்த மலிவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தொழிற்சாலைகள் பீச் காடுகள் நிறைந்த மொராவியாவில் அமைக்கப்பட்டன. அங்கே மரமும் மலிவு, கூலியும் மலிவு. வேலை சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டதால், முழுக் கதிரையையும் செய்யத் தெரிந்த தச்சர் தேவைப்படவில்லை. மினுக்குவது, பொதி செய்வது போன்ற வேலைகளைப் பெண்கள் செய்தார்கள். கதிரையில் குடும்பத்தின் பெயர் மட்டுமே நின்றது.

ஆனால், பெயரைவிடக் கைப்பழக்கத்துக்கு ஆயுள் அதிகம் என்றே நினைக்கிறேன். காப்புரிமை 1869இல் முடிந்ததும் போட்டியாளர்கள் பெருகினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் செக்கோஸ்லோவாக்கியாவில் இருந்த தொழிற்சாலைகள் அரசுடைமையாகின. 1861இல் தொனெட் குடும்பம் பிஸ்ட்ரிட்சே என்ற ஊரில் தொடங்கிய தொழிற்சாலை, இன்று 'டோன்' என்ற பெயரில் அதே கதிரையைச் செய்கிறது. ஜேர்மனியின் பிராங்கன்பேர்க்கில் தொனெட் நிறுவனமும் அதை 214 என்ற இலக்கத்தில் விற்கிறது. தொழிற்சாலை குடும்பத்தின் கையைவிட்டுப் போனது. மரம் வளைக்கும் வித்தை அந்த ஊரிலேயே தங்கிவிட்டது.